அம்மாவின் 75-ஆவது பிறந்த நாளுக்கு எகிப்து: வயதானவரைப் பாலைவனத் தொல்லிடங்களுக்கு அழைத்துப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு வழக்கத்தில் அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். எல்லாமே தம்பதியாக மணையில் உட்கார்ந்தால்தான். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டதால் அம்மாவின் 75-க்குக் கலசமும் கிடையாது, பந்தலும் கிடையாது. "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டபோது புடவை என்பார், திருப்பதி என்பார் என்று நினைத்தேன். "பிரமிடு நெஜமாவே அவ்வளவு பெருசான்னு ஒரு தடவை பாக்கணும்" என்றார். முப்பத்தோரு வருஷம் ஆறாம் வகுப்புக்கு 'எகிப்து நைல் நதியின் நன்கொடை' என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட டீச்சர்.

போய் வந்தோம். கெய்ரோ, அஸ்வான், அபு சிம்பெல், லக்ஸர் என்று பதின்மூன்று நாள். எழுபதைத் தாண்டிய ஒருவரை அழைத்துப் போக நினைப்பவர்களுக்காக, நாங்கள் சரியாகச் செய்ததையும் சொதப்பியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: திடீர் பரிசாகக் கொடுக்காதீர்கள்

விமான டிக்கெட்டைக் கவரில் போட்டுப் பிறந்த நாளன்று நீட்டுவதெல்லாம் முப்பது வயதுக்காரர்களுக்குச் சரி. பெரியவர்களுக்குத் தயாராவதே பாதிக் கொண்டாட்டம். ஆறு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தெருவில் எல்லோரிடமும் சொல்லி மகிழ அவர்களுக்கும் நாள் வேண்டுமே.

கூடவே ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். எகிப்தில் பார்க்கப் போவதில் பாதி கல்லறைகள். அருங்காட்சியகத்தில் மம்மி என்றால் அது நிஜமாகவே இறந்தவர் உடல். சிலருக்கு அது தீட்டு. பார்த்தால் குளிக்க வேண்டும் என்பார்கள். அம்மா, "பாக்கறேன், ஆனா பொறந்த நாள் அன்னிக்கு வேண்டாம்" என்றார். எங்கள் பயணத்திட்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் அமைந்தது.

படி 2: நாளும் மாதமும்

பிறந்த தேதியா, நட்சத்திரமா என்று முதலில் தீர்மானியுங்கள். அம்மாவுக்கு ஐப்பசி சதயம். "ராஜராஜனுக்கும் எனக்கும் ஒரே நட்சத்திரம்" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. ஐப்பசி சதயம் பெரும்பாலும் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பாதிக்குள் வரும். எங்கள் அதிர்ஷ்டம், எகிப்தில் வெயில் தணியத் தொடங்குவதும் அப்போதுதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை லக்ஸரிலும் அஸ்வானிலும் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பிறந்த நாள் சித்திரையிலோ ஆனியிலோ வருகிறதா? யோசிக்காமல் மார்கழிக்குத் தள்ளிப் போடுங்கள். ரம்ஜான் மாதத்தில் பார்வை நேரம் குறையும் என்பதால் அந்த மாதத்தையும் தவிர்ப்பது நல்லது.

பிறந்த நாள் பயணம் என்றதும் ஏஜெண்டுகள் அக்டோபர் 22-ஐயும் பிப்ரவரி 22-ஐயும் பரிந்துரைப்பார்கள். இந்த இரண்டு நாளிலும் அபு சிம்பெல் கோயிலுக்குள் விடியற்காலைச் சூரியன் கருவறை வரை புகுந்து, அங்குள்ள நான்கு சிலைகளில் மூன்றின் மேல் விழும். நான்காவது சிலையான ப்தா என்ற தெய்வம் மட்டும் இருட்டிலேயே இருப்பார். ஒன்று, கோயிலைக் கட்டிய மன்னர் இரண்டாம் ராம்சேஸின் பிறந்த நாள், இன்னொன்று முடிசூடிய நாள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. அந்த நாட்களில் கூட்டம் நள்ளிரவிலிருந்தே வரிசையில் நிற்கும். மூட்டு வலிக்காரரை அதில் நிறுத்துவதற்கு அவர் நம்மைப் பெற்றிருக்க வேண்டியதில்லை.

படி 3: டாக்டர், மாத்திரை, காகிதங்கள்

இதயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கும் டாக்டரிடம் இரண்டு மாதம் முன்பே போய், மாத்திரைகளின் வேதிப் பெயரோடு ஒரு கடிதம் வாங்குங்கள். பயணம் முழுமைக்குமான மாத்திரையோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. முதுகு வலிக்கும் முட்டி வலிக்கும் நம் ஊரில் எழுதித் தரும் டிராமடால், எகிப்தில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அதை எடுத்துப் போன சுற்றுலாப் பயணிக்குச் சிறைத் தண்டனையே கிடைத்திருக்கிறது. வேறு மருந்தோடு சேர்ந்த மாத்திரையாகவும் அது வரும் என்பதால், அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். எழுபதுக்கு மேல் பிரீமியம் கூடும்தான், மறைத்து எடுத்த பாலிசி வெறும் காகிதம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். அம்மா "நான் என்ன நொண்டியா?" என்று கோபித்துக்கொண்டார். வளைகுடா விமான நிலையத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வேண்டிய தூரத்தைப் பார்த்ததும் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

படி 4: ஒத்திகை

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் இதுதான் எங்களைக் காப்பாற்றியது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு அம்மாவை ஒரு நாள் மாமல்லபுரம் அழைத்துப் போனேன். புதிதாக வாங்கிய கேன்வாஸ் ஷூ, தொப்பி, கைத்தடி எல்லாவற்றோடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனதும் உட்கார இடம் தேடினார். பத்து நிமிடம் உட்கார்ந்தால் மறுபடியும் இருபத்தைந்து. மூன்று சுற்று முடிந்ததும் போதும் என்றார்.

ஆக, நிற்கும் நேரம் இருபத்தைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று சுற்று. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எல்லா வழிகாட்டிகளிடமும் முதல் நாளே கொடுத்தேன். 'வயதானவர், மெதுவாகப் போங்கள்' என்றால் ஒருவருக்கும் புரியாது. எண்ணாகச் சொன்னால் புரிகிறது. மடித்து எடுத்துப் போகக்கூடிய சின்ன முக்காலி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பதின்மூன்று நாளும் அது என் தோளிலேயே தொங்கியது.

புடவையோடு ஷூ போட்டுப் படகுப் பலகையில் ஏறுவது ஆபத்து என்பதும் ஒத்திகையில்தான் தெரிந்தது. நான்கு சுடிதார் தைத்தோம்.

படி 5: பாதையை வகுப்பது

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். மதியம் அறை. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். எங்கள் வரிசை இது: கெய்ரோ நான்கு இரவு (முதல் நாள் முழுக்கத் தூக்கம்), விமானத்தில் அஸ்வான், அங்கே ஒரு இரவு, அபு சிம்பெலில் ஒரு இரவு, அஸ்வானிலிருந்து லக்ஸருக்கு நைல் கப்பலில் மூன்று இரவு, லக்ஸரில் மூன்று இரவு, திரும்பல்.

ஏஜெண்டுகள் இதையே எட்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்வார்கள். முடியும். பெரியவர் பாதியைப் பேருந்திலிருந்தே பார்ப்பார்.

படி 6: வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். நாற்பது பேர் குழுவில், கொடி பிடித்தவர் பின்னால் ஓட வேண்டியிருக்கும். தனி வழிகாட்டி, தனி வண்டி என்று கேளுங்கள். எகிப்தில் வழிகாட்டிகளுக்கு அரசு உரிமம் உண்டு. அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள்.

கெய்ரோவில் ஒரு முகவர் அனுப்பிய முதல் வழிகாட்டி, பிரமிடுகள் இருக்கும் கீஸாவிலிருந்து திரும்பும் வழியில் பாப்பிரஸ் (நாணல் காகிதம்) கடை ஒன்று, வாசனைத் தைலக் கடை ஒன்று என்று இரண்டு இடத்தில் இறக்கி, ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிட்டார். அம்மாவின் மூன்றாவது சுற்று தைலக் கடையில் முடிந்தது. அன்று இரவே பேசி ஆளை மாற்றினோம். நீங்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே, கடைகளுக்கு அழைத்துப் போகக் கூடாது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இரண்டாவதாக வந்தவர் நடுவயதுப் பெண்மணி, தொல்லியல் படித்தவர். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்வேன். சக்காரா என்ற பழைய கல்லறை வளாகத்தில் அவர் ஐந்து நிமிடம் பேசியதை நான் இரண்டு வரியில் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பொண்ணு அவ்வளவு நேரம் பேசுச்சே. மிச்சத்தை எங்க முழுங்கினே?" அதற்கப்புறம் இரவு தோறும் மறுநாள் இடத்தைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் தூங்கினேன்.

லக்ஸரில் உள்ள ராஜாக்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளுக்குள்ளே வழிகாட்டிகள் விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. வெளியே நிழலில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டு அனுப்புவார்கள். பெரியவர்களுக்கு இது வசதிதான்.

படி 7: இடங்கள், முட்டியின் கண்ணோட்டத்தில்

கீஸா. குஃபு மன்னனின் பெரிய பிரமிடு கட்டப்பட்ட காலத்தில் சுமார் 146 மீட்டர் உயரம், இப்போது 138 மீட்டர் சொச்சம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 66 மீட்டர். அம்மா அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கல்லை உள்ளங்கையால் தொட்டார். ஒரு கல்லே அவர் நெஞ்சு உயரம் இருந்தது. "பெருசுதான்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு செலவும்.

உள்ளே போகத் தனி டிக்கெட் உண்டு, வாங்காதீர்கள். ஏறும் வழி சுமார் 1.2 மீட்டர் உயரம்தான், கிட்டத்தட்ட நாற்பது மீட்டருக்குக் குனிந்தபடியே செங்குத்தாக ஏற வேண்டும், காற்றும் குறைவு. மேலே இருப்பது வெறும் கல் அறை. வளாகத்துக்குள் இப்போது மின்சாரப் பேருந்து ஓடுகிறது, அதில் சுற்றலாம். ஒட்டகம் வேண்டாம். அது எழும்போது முதலில் பின்னங்கால் எழும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம் கீஸாவிலேயே இருக்கிறது. 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்தார்கள். துட்டன்காமன் மன்னனின் கல்லறைப் பொருட்கள் ஐந்தாயிரத்துக்கும் மேல் ஒரே இடத்தில். மின்தூக்கி, குளிர்சாதனம், நல்ல கழிப்பறை எல்லாம் உண்டு. வந்த மறுநாள் அலுப்போடு இருப்பவருக்கு இதுதான் முதல் இடம்.

சக்காரா என் பரிந்துரையில் கீஸாவைவிட மேல். கூட்டம் குறைவு. ஜோசர் மன்னனுக்காக இம்ஹோதெப் கட்டிய படிப் பிரமிடு ஆறு அடுக்கு, சுமார் 62 மீட்டர், பெரிய பிரமிடுக்கும் ஏறக்குறைய நூறு வருஷம் மூத்தது. அதைவிட முக்கியம், பக்கத்தில் உள்ள அதிகாரிகளின் 'மஸ்தபா' என்னும் தட்டைக் கூரைக் கல்லறைகள். படி ஏற வேண்டாம், தரைமட்டத்திலேயே அறைகள். சுவரில் மாடு கறப்பது, மீன் பிடிப்பது, வாத்துக்குத் தீனி ஊட்டுவது என்று அன்றாட வாழ்க்கை. ராஜாவைப் பார்த்ததைவிட அம்மா இதில்தான் நின்றார்.

மம்மிகள். 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகளை ஊர்வலமாகக் கொண்டு வந்து ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள தேசிய நாகரிக அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். இரண்டாம் ராம்சேஸ் இங்கேதான் இருக்கிறார். அவர் மூக்கில் மிளகு வைத்துப் பதப்படுத்தியிருந்தார்கள். மிளகு விளைவது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். சொன்னதும் அம்மா ராம்சேஸை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார், உறவுக்காரரைப் பார்ப்பது போல. அன்று அறைக்கு வந்ததும் தலைக்குக் குளித்தார்.

மிளகுத் தடம் அதோடு நிற்கவில்லை. செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. அங்கேயும் குஸைர் அல்-கதீமிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. குஸைரில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள். இன்னொன்றில் 'பானை ஒறி' (உறியில் தொங்கும் பானை) என்றே எழுதியிருக்கிறது. அந்தத் துறைமுகங்களுக்கு நாங்கள் போகவில்லை, முதியவர்களுக்கு ஏற்ற தூரமும் இல்லை. ஆனால் அங்கு இறங்கிய சரக்கு பாலைவனம் தாண்டி ஒட்டகத்தில் வந்து நைலைத் தொட்ட கொப்டோஸ், லக்ஸருக்குச் சற்று வடக்கேதான். ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம்.

அபு சிம்பெல். அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர், முழுக்க மணல். எல்லோரும் விடியற்காலை நான்கு மணிக்கு டிபன் பொட்டலத்தோடு கிளம்பி, ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு மதியமே திரும்புவார்கள். ஏழு மணி நேரம் வண்டியிலேயே. இதைச் செய்யாதீர்கள். காலை பத்துக்குக் கிளம்பி, அங்கேயே ஒரு இரவு தங்குங்கள். மறுநாள் பேருந்துகள் வருவதற்கு முன்பே கோயில் வாசலில் இருக்கலாம்.

வாயிலிலிருந்து குன்றைச் சுற்றி நடக்க வேண்டும். திரும்பியதும் நான்கு ராம்சேஸ்கள், ஒவ்வொன்றும் இருபது மீட்டர். அஸ்வான் அணைக்காக இந்தக் கோயிலையே 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலே தூக்கி வைத்தார்கள். பின்னால் தெரியும் குன்று மனிதர்கள் கட்டியது, உள்ளே கான்கிரீட் கூடு. பக்கத்தில் ராணி நெஃபர்டாரிக்கு ஒரு சின்னக் கோயில். எகிப்தில் ராணியை ராஜாவின் முழங்கால் உயரத்துக்குத்தான் செதுக்குவது வழக்கம். இங்கே இருவரும் ஒரே உயரம். "பொண்டாட்டிக்கும் தன் உயரமே குடுத்திருக்கான், பரவால்ல" என்று அம்மா சான்றிதழ் கொடுத்தார்.

லக்ஸர். கர்னக்கின் 134 தூண் மண்டபம் அதிகாலையில். ராஜாக்களின் பள்ளத்தாக்கில் ஒரு டிக்கெட்டுக்கு மூன்று கல்லறை. துட்டன்காமனுக்கும் முதலாம் சேத்திக்கும் தனிக் கட்டணம். எந்த மூன்று என்பதில்தான் சூட்சுமம். நான்காம் ராம்சேஸ் கல்லறை அகலமானது, சரிவு மெதுவானது; அது ஒன்றே போதும். மூன்றாம் துத்மோஸ் கல்லறைக்குச் செங்குத்தான படிகள், விட்டுவிடுங்கள். நுழைவிலிருந்து மின்வண்டி உண்டு. மெம்னான் சிலைகளை வண்டியிலிருந்தே பார்க்கலாம். பலூன் சவாரி வேண்டாம். கூடையின் விளிம்பைத் தாண்டி ஏற வேண்டும், இறங்கும்போது முட்டியை மடித்துக் குலுக்கலைத் தாங்க வேண்டும்.

படி 8: சாப்பாடு, கழிப்பறை, சில்லறை

சைவம் கஷ்டமே இல்லை. சோறும் பருப்பும் மக்ரோனியும் கொண்டைக்கடலையும் கலந்து, மேலே வறுத்த வெங்காயமும் தக்காளிச் சாறும் ஊற்றித் தரும் கோஷரி. அவரை வகையில் மசித்த ஃபூல். நம் மசால் வடைக்குத் தம்பியான தஅமியா. முலூகியா என்ற கீரைக் குழம்பு நம் வீட்டுக் குழம்பு மாதிரியே இருக்கும், ஆனால் கோழிச் சாற்றில் செய்திருப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சின்ன கெட்டில் எடுத்துப் போங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்தாவது இருக்கட்டும்.

பெரிய இடங்களில் டிக்கெட்டுக்குக் கார்டுதான். ஆனால் கழிப்பறை வாசலில், படகில், பெட்டி தூக்குபவருக்கு எல்லாம் சில்லறை இனாம், அங்கே அதன் பெயர் பக்‌ஷீஷ். சின்ன நோட்டுகளைத் தனிப் பர்ஸில் போட்டு அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். இரண்டாம் நாளிலிருந்து யாருக்கு எவ்வளவு என்று அவர்தான் தீர்மானித்தார். என்னைவிடக் குறைவாகக் கொடுத்து, என்னைவிட அதிகமாகச் சிரிப்பு வாங்கினார்.

படி 9: பிறந்த நாள்

அதை எந்தப் பெரிய இடத்துக்கும் கொடுக்காதீர்கள். கப்பலில் ஒரு நாளுக்குக் கொடுங்கள். கப்பல் நகரும், அவர் நகர வேண்டாம். முன்பதிவின்போது மூன்று கேள்வி: மின்தூக்கி உண்டா, அறை எந்தத் தளம் (கீழ்த்தளத்தில் எஞ்சின் சத்தம்), சாப்பாட்டு அறைக்கு எத்தனை படி. கரையில் கப்பல்களை ஒன்றையொட்டி ஒன்று கட்டுவார்கள், மூன்று நான்கு கப்பல்களின் கூடத்தைக் கடந்துதான் இறங்க வேண்டியிருக்கும். பலகை ஆடும், ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும்.

சதயம், நைல் கரை ஊரான எட்ஃபுவில் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் காலை ஆறு மணிக்குக் குதிரை வண்டியில் ஹோரஸ் கோயிலுக்குப் போனார்கள். நாங்கள் போகவில்லை. அம்மா குளித்து, அப்பாவின் சின்னப் படத்தை ஜன்னலில் வைத்து, கற்கண்டு நைவேத்தியம் செய்தார். பிறகு மேல்தளத்தில் செம்பருத்தி டீயோடு நாள் முழுக்க நாற்காலி. கரையில் பேரீச்சை, அதற்குப் பின்னால் ஒரு கீற்றுப் பச்சை, அதையடுத்து சட்டென்று மணல். முப்பத்தோரு வருஷம் எழுதிய வாக்கியம் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் எஸ்னா என்ற ஊரில் கப்பல்கள் கடக்கும் மதகுக்கு முன்னால் சின்னப் படகுகளில் துணி வியாபாரிகள் வந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய மேசைவிரிப்பையும் அங்கியையும் கீழேயிருந்து மேல்தளத்துக்கு எறிந்தார்கள். பிடிக்காவிட்டால் திரும்ப எறிய வேண்டும், பிடித்தால் பையில் பணத்தைப் போட்டு எறிய வேண்டும். அம்மா தமிழில் பேரம் பேசினார். நான்கு தடவை எறிந்து, ஐந்தாவது தடவை நீல அங்கி ஒன்று அவர் சொன்ன விலைக்கே வந்தது.

இரவு கப்பல்காரர்கள் மேளம் தட்டிப் பாடிக்கொண்டு கேக் கொண்டுவருவார்கள். பிறந்த நாள் என்று தெரிந்தால் கேட்காமலே செய்வார்கள், எனவே முட்டை வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லிவையுங்கள். நான் சொல்லியிருந்தேன். சொல்ல மறந்தது மெழுகுவர்த்தியைப் பற்றி. 7, 5 என்று இரண்டு எரிந்துகொண்டிருக்க, எல்லோரும் ஊதச் சொன்னார்கள். விளக்கை ஊதி அணைக்க மாட்டேன் என்று அம்மா கையைக் கட்டிக்கொண்டார். நீல அங்கியில் அப்படியே நின்றார். வழிகாட்டியம்மா விஷயத்தை அரபியில் சொன்னதும் மேளக்காரர் தலையாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டும் தானாக எரிந்து முடிய பதினோரு நிமிடம் ஆயிற்று. அதுவரை மேளம் நிற்கவில்லை.